குறும்படமும் கத்தரிக்கோலும்

பள்ளியிலோ கல்லூரியிலோ ஐந்தாறு பேர் கூடிக் குறும்படம் ஒன்று எடுப்பதென்று முடிவு செய்தவுடன் எழும் முதற் கேள்வி, 'யாரிடம் நல்ல செல்பேசி இருக்கிறது?' என்பதே. எடுத்த காட்சிகளைக் கணினியில் ஏற்றி, வேண்டியதை வைத்து வேண்டாததை விலக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் வேலையைப் பற்றி அப்போது ஒருவரும் நினைப்பதில்லை. படத்தொகுப்பு எனப்படும் அந்த வேலையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லேன். வகுப்பறையில் காலம் கழித்தவன். ஓய்வு பெற்றபின், மாணவர் சிலர் படம் எடுப்பதை அருகிருந்து காணும் வாய்ப்புக் கிடைத்தது. கட்டுரைப் பயிற்சியில் ஆசிரியர் எதிர்பார்ப்பவை பெரும்பாலும் இதற்கும் பொருந்துவதைக் கண்டேன்.

படச்சுருள் வழங்கிய காலத்தில் இந்த வேலை எளியதாக இருக்கவில்லை. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் இருக்கும். நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஆகவே ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடிச் சுருள். ஏழு நிமிடப் படமாயின் 630 அடி. அத்தனையையும் கையால் வெட்டிக் கையால் ஒட்டினார்கள். பின்னர்க் கணினி வந்தது. 1996இல் வெளிவந்த 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' என்னும் படத்தைத் தொகுத்த வால்டர் மர்ச்சுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. கணினிவழித் தொகுத்த படம் ஒன்று படத்தொகுப்புக்காக அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. இன்றோ கேடென்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் முதலிய மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. டாவின்சி ரிசால்வ் என்பதற்கும் விலையில்லாப் பதிப்பு உண்டு. ஆனால் பழைய பள்ளிக் கணினியில் அது மூச்சு வாங்கும். முதல் மூன்றில் ஒன்றே தொடக்கத்துக்குப் போதும்.

இம்மென்பொருள்கள் செய்வது யாது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். தையற்காரர் துணியின்மேல் சுண்ணக்கட்டியால் கோடு இடுகிறார் அல்லவா? கணினியும் கோடு மட்டுமே இடுகிறது, துணியை வெட்டுவதில்லை. 'இந்தக் கோப்பில் பன்னிரண்டாம் நொடி முதல் பதினேழாம் நொடி வரை காட்டு. அதன்பின் அந்தக் கோப்புக்குப் போ' என்று ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. நீங்கள் எடுத்த மூலக்காட்சி தொடப்படாமல் அப்படியே இருக்கும். நூறு முறை வெட்டினாலும் நூற்றோராம் முறை பழையபடி மீட்கலாம். இதில் ஒரு தொல்லையும் உண்டு. மூலக்கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால், குறிப்பு இருக்கும், காட்சி இராது. நண்பனுடைய பென்டிரைவிலிருந்தே தொகுத்துவிட்டு, அதை அவனிடம் திருப்பிக் கொடுத்தபின் திரை வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு திகைத்த பிள்ளைகளை நான் அறிவேன். ஆதலின் முதல் நாளே ஒரு கோப்புறை அமைத்து, காட்சி, ஒலி, குறிப்பு எல்லாவற்றையும் அதனுள் இடுங்கள்; வேறோர் இடத்தில் ஒரு படியும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஒட்டுவதன் ஆற்றலுக்கு வருவோம். 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ருசிய நாட்டில் லெவ் குலெஷோவ் என்னும் திரைப்பட ஆசிரியர் செய்த சோதனை ஒன்றை அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நடிகரின் முகம். அதில் குறிப்பான உணர்ச்சி ஒன்றும் இல்லை. அம்முகத்தை ஒரு கிண்ணம் சூப்பை அடுத்து ஒட்டினார்கள். மீண்டும் அதே முகத்தைச் சவப்பெட்டியை அடுத்து ஒட்டினார்கள். பிறகு விளையாடும் குழந்தையை அடுத்து ஒட்டினார்கள். பார்த்தவர்கள், ஒரே முகத்தில் சூப்பின் நினைவும், ஆழ்ந்த துயரமும், மெல்லிய மகிழ்ச்சியும் கண்டு நடிகரைப் பாராட்டினார்களாம். முகம் மாறவில்லை, அண்டையில் இருந்தது மாறியது. எழுவாயை ஒரு பயனிலையிலிருந்து பிரித்து வேறொரு பயனிலையோடு சேர்த்தால் வாக்கியத்தின் பொருள் என்னாகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆற்றல் ஒரு மனிதருக்கு எதிராகத் திரும்பக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன், பதினோராம் வகுப்பு மாணவர் நால்வர் தம் ஊர் ஏரியைப் பற்றி ஏழு நிமிடப் படம் எடுத்தனர். ஏரி நீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடும் நீர்க்கட்டி ஒருவரை நெடுநேரம் பேட்டி கண்டிருந்தனர். 'உங்கள் அப்பா காலத்தில் ஏரி எப்படி இருந்தது, தாத்தா?' என்ற கேள்விக்கு அவர் விடை கூறாமல் சில நொடிகள் கரையைப் பார்த்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனத்தைத் தொடும் காட்சிதான். ஆனால் தொகுக்கும்போது அம்மாணவர் அந்த மௌனத்தை எடுத்து, 'ஏரியை ஆக்கிரமித்தவர் யார்?' என்ற வேறொரு கேள்வியின்பின் வைத்தனர். அதை அடுத்துக் கரையோரத்து மாடி வீடு ஒன்று திரையில் வந்தது. பெரியவர் ஒரு சொல்லும் சொல்லாமலே ஒருவர்மேல் குற்றம் சாட்டிவிட்டார்!

படம் பள்ளி ஆண்டு விழாவில் திரையிடப்பட இருந்தது. அந்த வீட்டுக்காரரும் வருவார். நீர்க்கட்டிக்கோ அறுவடையில் ஊரார் அளக்கும் நெல்தான் கூலி. நான் மாணவர்களிடம், "விழாவுக்கு முன் இதை அவருக்குக் காட்டினீர்களா?" என்று மட்டும் கேட்டேன். "ஆக்கிரமிப்பு உண்மைதானே, ஐயா?" என்றான் ஒருவன். உண்மையாக இருக்கலாம், ஆயின் அதைச் சொன்னவர் அவர் அல்லரே! அன்று மாலையே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நால்வரும் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றனர். அவர் முழுவதும் பார்த்தார். பிறகு, "நான் எங்கப்பாவ நெனச்சுல்ல தம்பி கண்ணத் தொடச்சேன்" என்றார்.

மாணவர் அன்றிரவே மௌனத்தை அதற்குரிய கேள்வியின்பின் திரும்ப வைத்தனர். மூலக்காட்சி பத்திரமாக இருந்ததால் அது கால் மணி நேர வேலையாயிற்று. ஆக்கிரமிப்பைப் பற்றிய செய்தியை விட்டுவிடவில்லை. வருவாய்த்துறையின் பழைய நில வரைபடத்தைக் காட்டி, அதைத் தம் குரலிலேயே கூறினர். பெரியவர் ஒரு மடையிலிருந்து அடுத்த மடைக்கு நடந்து செல்வதை நாற்பது நொடி வெட்டாமல் விட்டிருந்தனர். விழாவில் அவையோர் பேச்சடங்கிப் பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்சி சற்று மங்கலாயிருந்தால் பொறுத்துக்கொள்வர். பேச்சு விளங்காவிடின் எழுந்து போவர். பேசுபவரின் அருகே மற்றொரு செல்பேசியை வைத்து ஒலியைத் தனியே பதிவு செய்யலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். கைகள் சேரும் படத்தையும் தட்டிய ஓசையையும் பிற்பாடு பொருத்திக்கொள்ளலாம். ஒவ்வோர் இடத்திலும் எவரும் பேசாமல் அரை நிமிடம் அவ்விடத்து ஓசையைப் பதிந்து வாருங்கள். வெட்டிய இடங்களில் ஏற்படும் செவிட்டு அமைதியை அது நிரப்பும். திரைப்பாடலை எடுத்து ஒட்டாதீர்கள். அது பிறர் உடைமை.

காட்சிக்குக் காட்சி பக்கம் புரளுதல், சுழலுதல், இதயவடிவில் விரிதல் ஆகிய வித்தைகள் மென்பொருளில் நிறைய உண்டு. அவை திருமண வீடியோவுக்கு இருக்கட்டும். நேர் வெட்டே பெரும்பாலும் போதும்.

எழுத்துகளில் விழிப்பாயிருங்கள். சில மென்பொருள்களில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அப்போது எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். கணினியின் பிழை அது. நம் பிழை வேறு. ஒளிப்பதிவு செய்த மாணவன் பெயருக்கு முன் 'ஒலிப்பதிவு' என்றும், ஒலிப்பதிவு செய்தவன் பெயருக்கு முன் 'ஒளிப்பதிவு' என்றும் போட்ட படம் ஒன்றை நான் பார்த்தேன். இருவரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு!

எல்லாம் முடிந்து படத்தை ஒரே கோப்பாக வெளியிட்டபின், திரையிடும் அறையிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்களில் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறதா என்று கேட்கட்டும். விழாத இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டு, மறுபடியும் கணினியின் முன் அமருங்கள்.