மின்னூலகங்களில் பியூரிட்டன் சமய நூல்கள்

ஆங்கில நாட்டுத் திருச்சபையின் சீர்திருத்தம் நிறைவுறவில்லை எனக் கருதி, வழிபாட்டையும் வாழ்வையும் மேலும் தூய்மைப்படுத்த முயன்றோர் பியூரிட்டன்மார் எனப்பட்டனர். அவர்தம் நூல்கள் தமிழாராய்ச்சிக்கு முற்றும் புறம்பானவை அல்ல. 1894-இல் வெளிவந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’, அம்மரபினரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ என்னும் நூலைத் தழுவியதன்றோ? மூலத்தையும் தழுவலையும் ஒப்பிடுவார்க்கு இன்று மின்னூலகங்கள் பெருந்துணையாம்.

ஆயின், அவற்றில் கிடைப்பன மூவகைய: பழம்பதிப்பின் நிழற்படிமம், அதனின்று எடுத்தெழுதிய பாடம், பிற்காலப் பதிப்பு என்பன. இவற்றின் வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது. பனியன் நூலின் முதற்பதிப்பில் ‘வேர்ல்ட்லி வைஸ்மேன்’ என்னும் பாத்திரம் இல்லை. இரண்டாம் பதிப்பிலேயே அஃது இடம்பெற்றது. முதற்பதிப்பை மட்டும் கண்டு ஒப்பிடுவோர், மூலவாசிரியரே பின்னர்ச் சேர்த்தவற்றைத் தழுவலாசிரியரின் கற்பனை எனப் பிறழக் கொள்ளுதல் கூடும். ரிச்சர்டு பாக்ஸ்டரின் ‘ரிஃபார்ம்டு பாஸ்டர்’ 1656-இல் தோன்றியது. எனினும் பலர் பயில்வது 1829-இல் வில்லியம் பிரவுன் சுருக்கியமைத்த பாடத்தையே. அச்சுருக்கத்தில் ஒரு கருத்து இல்லாமையால் பாக்ஸ்டர் அதனைக் கூறவில்லை எனத் துணிதல் பொருந்தாது.

எழுத்துப் பிழையும் கருதத்தக்கது. அக்கால அச்சில் சொல்லின் முதலிலும் இடையிலும் வரும் நெடிய ‘எஸ்’ எழுத்து, ‘எஃப்’ போலத் தோன்றும். படிமத்தைப் பொறி தானே படிக்குமிடத்து, பாவத்தைக் குறிக்கும் ‘சின்’ என்னும் சொல் ‘ஃபின்’ என மாறிவிடுவதுண்டு. அந்நிலையில் தேடுவார்க்கு அச்சொல் அகப்படாது. புள்ளியும் எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் இன்றி எழுதப்பட்ட ஏடுகளைப் பயின்ற நமக்கு இவ்விடர் புதிதன்று. ‘டெக்ஸ்ட் கிரியேஷன் பார்ட்னர்ஷிப்’ என்னும் கூட்டமைப்பு, பழைய ஆங்கில அச்சுநூல்களின் படிமங்களைப் பார்த்து ஆட்களைக் கொண்டு எழுத்தாக்கியது. அவற்றுள் 25,000-க்கு மேற்பட்டவை 2015-இல் யாவர்க்கும் உரியவாயின. தேடுதற்கு அவை ஏற்றவை. எனினும் தெளிவற்ற எழுத்துகள் அவற்றிலும் குறியிட்டே விடப்பட்டுள்ளன.

ஆதலின், எடுத்தெழுதிய பாடத்தில் தேடுக; கண்டதைப் படிமத்தோடு ஒப்பிடுக; பதிப்பாண்டினையும் பக்கத்தையும் குறித்து மேற்கோள் காட்டுக. முதற்கண் இம்முறையைக் கைக்கொண்ட பின்னரே, தழுவலில் எது மூலத்தின் வழிவந்தது, எது தமிழ்ப் புலவரின் ஆக்கம் என்று நாம் உறுதியாகக் கூற இயலும்.