காவல் நாய்க்கு ஏற்ற உணவு

வன்னிப் பெருநிலப்பரப்பிலே கமத்தொழில் செய்வோருக்கு நாய் பொழுதுபோக்குக்காக வளர்க்கப்படும் பிராணி மட்டுமன்று. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய பெருங்குளங்களின் கீழும், வவுனியாவின் சிறு குளங்களின் கீழும் காலபோக நெல் கதிர் தள்ளுங் காலத்திற் காட்டுப் பன்றிகள் வயலில் இறங்குகின்றன. தோட்டங்களிலே மரவள்ளி, கச்சான் முதலியவற்றைப் பன்றியும் முள்ளம்பன்றியும் தோண்டி அழிக்கின்றன. இவற்றின் வரவை இரவில் முதலில் உணர்ந்து குரல் கொடுப்பது நாயே. வேலிக்கும் விதைநெல்லுக்கும் செலவிடும் கமக்காரர், நாயின் உணவைப் பற்றி அவ்வளவாகக் கவனஞ் செலுத்துவதில்லை.

“வயிறு நிறைந்த நாய் உறங்கிவிடும், பசித்த நாயே நன்றாகக் காவல் காக்கும்” என்று சிலர் கருதுவர். இது தவறான எண்ணமாகும். பசித்த நாய் வளவில் நிற்பதில்லை. அது அயலவரின் கோழிகளையும், தெருவோரக் குப்பைகளையும், காட்டிற் கிடக்கும் பிணங்களையும் நாடிச் செல்கின்றது. எலிப் பாசாணத்தால் இறந்த எலியைத் தின்கின்றது. பன்றிக்கென இரையினுள் மறைத்து வைக்கப்பட்ட வெடியைக் கடித்து மடிகின்றது. விசர்பிடித்த நாய்களாற் கடியுண்டு அந்நோயை வீட்டுக்குக் கொண்டு வருகின்றது. ஆகவே நாய்க்கு வேளை தவறாது உணவளிப்பது காவலுக்கு மட்டுமன்றி, வீட்டிலுள்ள பிள்ளைகளின் உயிருக்கும் பாதுகாப்பாகும்.

உணவில் இருக்கவேண்டியவை

வெறுஞ் சோறும் கஞ்சியும் நாயின் பசியை ஆற்றுமேயன்றி உடலை வளர்க்கா. தசை வளர்ச்சிக்குப் புரதமும், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும், உழைப்புக்குக் கொழுப்பும் மாப்பொருளும் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவற்றைக் கமக்காரர் தம் வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்துமே பெறலாம்.

ஏறத்தாழ 12 கிலோகிராம் நிறையுள்ள, முழு வளர்ச்சியடைந்த ஊர் நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 கிராம் அரிசியைச் சோறாக்கி, அதனுடன் 150 கிராம் மீன் அல்லது இறைச்சி, ஒரு கைப்பிடி அவித்த மரக்கறி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். பூசணிக்காய், பயற்றங்காய், முருங்கையிலை ஆகியன ஏற்ற மரக்கறிகளாகும். மீன் கிடையாத நாட்களில் அவித்த முட்டை இரண்டும், நன்கு அவித்து மசித்த பயறு அல்லது கௌபி ஒரு கைப்பிடியும் சேர்த்தல் நன்று.

முல்லைத்தீவுக் கரையிற் பிடிபடும் நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களை முள்ளோடு மென்மையாக அவித்துக் கொடுத்தால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஒருங்கே கிடைக்கும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று குளங்களெங்கும் பரவியுள்ள திலாப்பியா மீனையும் அவித்து, பெரிய முட்களை நீக்கிக் கொடுக்கலாம். மீனைப் பச்சையாகக் கொடுத்தலாகாது. சில பச்சை மீன்களிலுள்ள ஒரு பொருள் தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழித்துவிடும். முள்ளில்லாத மீனையோ எலும்பில்லாத இறைச்சியையோ கொடுக்கும் நாட்களில், அவித்துக் காயவைத்து மாவாக இடித்த முட்டைக் கோதில் அரைத் தேக்கரண்டி கலந்தாற் போதுமானது.

இவ்வுணவை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் குறித்த வேளையில், குறித்த இடத்தில் வைத்தல் வேண்டும். வேளையை அறிந்த நாய் அவ்வேளைக்கு வளவை விட்டகலாது. அளவு சரியானதா என்பதைக் கையாலேயே அறியலாம். விலா எலும்புகள் கண்ணுக்குத் தோன்றாது, தடவும்போது விரலுக்குத் தட்டுப்படுமாயின் உணவு போதுமானது. அவை தூரத்திலிருந்தே தெரியுமாயின் உணவைக் கூட்டவும், அழுத்தியும் தட்டுப்படாவிடின் குறைக்கவும் வேண்டும்.

காவற் காலமும் கோடைகாலமும்

மழையிலும் பனியிலும் இரவு முழுவதும் வயலில் ஓடித் திரியும் நாய்க்கு வழக்கமான உணவிலும் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை கூடுதலாக வேண்டும். காவலுக்குச் செல்வதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் சிறிதளவு உணவும், காலையில் திரும்பி இளைப்பாறிய பின் பெரும்பங்கும் கொடுத்தல் நன்று. சோளகக் காற்று வீசும் கோடையில் உணவிலும் நீரே முக்கியமானது. நாய் மனிதரைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே தன் வெப்பத்தைத் தணிக்கின்றது. ஆதலால் நிழலில் எந்நேரமும் சுத்தமான நீர் இருத்தல் வேண்டும். கிருமிநாசினி கலந்த வாளியையோ தெளிகருவி கழுவிய நீரையோ நாய்க்கு எட்டும் இடத்தில் வைத்தலாகாது.

தாயும் குட்டிகளும்

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்களாகும். கடைசி மூன்று வாரங்களில் தாயின் உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். பால் கொடுக்குங் காலத்தில் அதற்கு இருமடங்கு அல்லது மும்மடங்கு உணவு தேவைப்படும். குட்டிகளுக்கு நான்காம் வாரமளவில் மீன் கலந்த மென்மையான கஞ்சியைப் பழக்கி, எட்டாம் வாரமளவிற் பாலை மறக்கச் செய்யலாம். நான்கு மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும் உணவளித்தல் வேண்டும். வெறுஞ் சோற்றில் வளரும் குட்டியின் கால்கள் வளைந்து போகக்கூடும். அத்தகைய நாயாற் பன்றியைத் துரத்த இயலாது.

விலக்கவேண்டியவை

வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்திலுள்ள செங்குருதிக் கலங்களை அழிக்கும். சமைத்தாலும் அவற்றின் கெடுதி நீங்காது. எனவே மீந்த கறியைச் சோற்றிற் பிசைந்து வைக்கும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். நாயின் முரசு வெளிறி, சிறுநீர் கருஞ்சிவப்பாகுமாயின் உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். உலர்ந்த திராட்சையும் சொக்கிலேற்றும் நஞ்சாகும். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம், பிண்ணாக்கு ஆகியவற்றை மனிதர் உண்ணாமல் நாய்க்கு இடுவது பெருந் தவறாகும். 1960 இல் இங்கிலாந்தில் இத்தகைய கச்சான் பிண்ணாக்கைத் தின்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அதற்குக் காரணமான பூஞ்சண நஞ்சு அஃபிளாடொக்சின் எனப்படும். அது ஈரலைக் கெடுக்கும். சாதாரண சமையலில் முற்றாக அழியாது. நாய் இந்நஞ்சினால் எளிதிற் பாதிக்கப்படும் பிராணியாகும்.

புழுவும் விசர்நோயும்

வயிற்றில் நிறையப் புழுவுள்ள நாய்க்கு எவ்வளவு உணவளித்தும் முழுப்பயன் இல்லை. ஆடு மாடு வெட்டியபின் எறியப்படும் ஈரல், குடல் ஆகியவற்றைப் பச்சையாகத் தின்னும் நாயிடம் நாடாப்புழு பெருகும். நாயின் மலத்தோடு வெளியேறும் புழு முட்டைகள் முற்றத்து மணலில் விளையாடும் பிள்ளைகளையும் சேரும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுத்தல் வேண்டும்.

1973 ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நோயால் 377 பேர் உயிரிழந்தனர். நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி ஏற்றியதனால் இத்தொகை பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் மரணங்கள் முற்றாக ஒழியவில்லை. உணவு வேளைக்குத் தவறாது வளவுக்கு வரும் நாயைப் பிடித்து ஆண்டுதோறும் ஊசி ஏற்றுவித்தல் எளிது. நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

காலபோக விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்தும் நாட்களிலேயே நாய்க்குப் புழு மருந்தும் தடுப்பூசியும் கொடுத்து, மேற்கூறிய உணவையும் தொடங்குதல் வேண்டும். கதிர் முற்றிப் பன்றிகள் வயலை நாடும் வேளையில் அந்நாய் வேண்டிய வலிமையைப் பெற்றிருக்கும்.