உஷார்! உங்கள் சிரிப்பு இருமலில் முடிகிறதா?

கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வீட்டில் வீசிங் உள்ளவர் யாராவது இருக்கிறாரா? அவர் எந்நேரமும் கலகலப்பாக, நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பவரா? அப்படியானால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இதை முழுசாகப் படியுங்கள்.

அவர் சிரிப்பு இப்போதெல்லாம் எங்கே போய் நிற்கிறது? சிரிப்பிலேயே முடிகிறதா? இருமலில் முடிகிறதா?

இருமலில் முடிந்தால் உஷார்!

திருவொற்றியூர்ப் பக்கம் ஒருவர். பெயர் வேண்டாம். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் வந்தால்தான் டீக்கடை களைகட்டும். சினிமா வில்லன், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, சொந்த மாமியார் என்று எல்லார் மாதிரியும் பேசிக் காட்டுவார். இளைப்பு அவருக்குப் பல வருஷமாக உண்டு. சட்டைப்பையில் கிடக்கும் நீலப் பம்புக்கு, அதாவது இன்ஹேலருக்கு, ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்திருந்தார். “பெரிய வீடு திட்டும்பா, சின்ன வீடுதான் மூச்சு குடுக்கும்” என்பார். கடையே அதிரும்.

டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்தது ஒரு பம்பு அல்ல, இரண்டு. நீலம், மூச்சு முட்டும்போது மட்டும். இன்னொன்று தினமும் காலையும் இரவும். அந்தத் தினசரிப் பம்பை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். “நல்லாத்தானே கீறேன், அது எதுக்கு தெனமும்? மனசு ஜாலியா இருந்தா ஒரு நோயும் அண்டாது” என்று சிரித்தார். வீட்டில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அழுதுகொண்டு சொல்லியிருந்தால் பயந்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார், விட்டுவிட்டார்கள்.

போகி வந்தது. சென்னைப் போகி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மார்கழிப் பனி கீழே இறங்கி நிற்கும், தெருவுக்குத் தெரு பழைய பாயும் டயரும் எரியும், அந்தப் புகை மேலே போக வழியில்லாமல் வீட்டுக்குள் வரும். விடிகாலையில் இவர் எழுந்து கட்டிலில் உட்கார்ந்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார். கையை ஆட்டினார். சத்தம் வரவில்லை.

வீட்டுக்காரம்மா என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். “இன்னாயா, காலங்காத்தால காமெடி பண்ணிக்கினு?” என்று கேட்டுவிட்டுக் கோலம் போடப் போய்விட்டார். கடைக்குட்டிப் பையன், அப்பா மீன் மாதிரி நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறான்.

கோலம் முடிந்து அந்தம்மா உள்ளே வந்தபோது அவர் கணவரின் உதடு சாம்பல் பூத்திருந்தது. நீலப் பம்பை அழுத்தினால் வெறும் காற்று. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆக்சிஜன், அப்புறம் வென்டிலேட்டர். பிழைத்துக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்குப் பதறுகிறது. அந்தம்மா இன்னும் வாசலில் கோலப்பொடி எடுத்தால் கை நடுங்குகிறது என்கிறார். யார்மேல் தப்பு சொல்வது? எந்நேரமும் நடித்துக் காட்டும் மனுஷன் நிஜமாகத் திணறினால், அது நிஜம் என்று வீட்டுக்கு எப்படித் தெரியும்?

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சிரிப்பே இளைப்பைக் கிளப்பிவிடும். விழுந்து விழுந்து சிரிக்கும்போது மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் போய் வருகிறது. ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கும் மூச்சுக்குழாய் அதைத் தாங்காமல் சுருங்கிக்கொள்கிறது. ஓடினால் இழுக்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அதே சங்கதி. ஆஸ்திரேலியாவின் சிட்னியில், ஆஸ்துமாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளிடம் இதை விசாரித்து 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு இளைப்பைத் தூண்டியிருந்தது. 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலும் சிரிப்பின் நன்மை தீமைகளை அலசி ஒரு கட்டுரை போட்டது. நன்மைப் பட்டியல் பெரிது. தீமைப் பக்கத்தில் ஆஸ்துமாவும் இருந்தது.

அதற்காகச் சிரிக்காதே என்று யாரும் சொல்லவில்லை! நானும் சொல்லமாட்டேன். சிரித்தால் இழுக்கிறது என்றால் உள்ளே வீக்கம் அடங்கவில்லை, நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். சிரிப்பை நிறுத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். மருந்து சரியாக ஓடினால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

நம் வடசென்னை வட்டாரத்தில் இது இன்னும் கவலைக்குரிய விஷயம். ராயபுரத்தில் துணி காயப்போட்டால் கரித்தூள் படிந்த காலம் உண்டு. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. கரி எங்கே போனது? எண்ணூருக்கு. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையம், சாம்பல் குழாய். இந்தப் பக்கம் மணலியில் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. இத்தனைக்கும் நடுவில் வாழும் சனம் என்ன செய்யும்? கிண்டல் செய்யும். “நம்ம ஏரியா காத்துல வாசனை இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது” என்பதெல்லாம் இங்கே அன்றாடப் பேச்சு. நானும் ரசித்திருக்கிறேன். அந்தக் கிண்டல் இல்லையென்றால் இந்த ஊரில் பாதிப் பேர் மனசு ஒடிந்துபோயிருப்பார்கள்.

ஆனால் 2023 டிசம்பர் 26 ராத்திரியை மறந்துவிடாதீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்துப்போன அதே மாதம். நடுநிசிக்குக் கொஞ்சம் முன்னால் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் தெருவில் ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி ராத்திரியில் “வழக்கமான நாத்தம்தானே” என்று ஒரு வீசிங்காரர் புரண்டு படுத்தால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்.

இன்னொரு ஆபத்து, ‘பாசிட்டிவ்’ உபதேசம். வாட்ஸ்அப்பில் வரும். நல்லெண்ணத்தோடுதான் வரும். அமெரிக்காவில் ஒருத்தர் காமெடிப் படம் பார்த்தே தீராத நோயைத் தீர்த்துக்கொண்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். ஆள் நிஜம்தான். நார்மன் கசின்ஸ் என்ற பத்திரிகையாசிரியர், 1979-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலி இல்லாமல் தூங்க முடிந்தது என்பது அவர் சொன்னது. அதோடு, அவர் டாக்டரை விட்டு ஓடிப்போகவில்லை, தன் டாக்டரோடு கலந்துபேசித்தான் ஒவ்வொன்றையும் செய்தார். ஃபார்வர்டில் அந்தப் பாதி மட்டும் உதிர்ந்துபோய்விடுகிறது!

“தைரியமா இருங்க” என்று சொல்வது வேறு. “மாத்திரையே வேண்டாம், மனசு போதும்” என்று சொல்வது வேறு. இரண்டாவதைச் சொல்கிறவர் எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கும்பலாக நின்று கைதட்டிச் சிரிக்கும் பயிற்சி இருக்கிறதே, 1995-ல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஆரம்பித்தது, அதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் இளைப்பு அடங்காதவர்கள், வயிற்றில் ஆபரேஷன் ஆகி அதிக நாள் ஆகாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவேண்டாம்.

சரி, எதையெல்லாம் கண்டால் பயப்பட வேண்டும்? வீசிங் உள்ளவர் வீட்டில் இருப்பவர்கள் இதை மனப்பாடம் செய்யுங்கள்.

நீலப் பம்பு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படுகிறதா? நோய் கட்டை மீறிவிட்டது.

ராத்திரி இருமலோ இழுப்போ எழுப்பிவிடுகிறதா? அதுவும் அப்படித்தான்.

ஒரு நீலப் பம்பில் பெரும்பாலும் 200 அழுத்து இருக்கும். அது ஒரே மாதத்தில் காலியாகிறதா? பெரிய ஆபத்து. அவர் எவ்வளவு சிரித்த முகமாக இருந்தாலும் சரி, உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

முன்பெல்லாம் முழு கதையாகச் சொல்கிறவர் இப்போது ஒரு வரியில் ஜோக்கை முடித்துக்கொள்கிறாரா? பாதியில் நிறுத்தி, கை காட்டி, “நீயே சொல்லு” என்கிறாரா? கவனியுங்கள்! இதைத்தான் அந்த டீக்கடையில் ஒருவரும் கவனிக்கவில்லை.

பம்பு அடித்தும் நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லையா, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லையா, உதடோ நகமோ நீலமாகவோ சாம்பலாகவோ மாறுகிறதா, இவ்வளவு நேரம் விசில் அடித்த நெஞ்சு சட்டென்று சத்தமில்லாமல் போய்விட்டதா? ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள். 108. சத்தம் நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே காற்றே போகவில்லை என்றும் இருக்கலாம். படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள். நீலப் பம்பை, ஸ்பேசர் (பம்போடு இணைக்கும் குழாய்) இருந்தால் அதை வைத்து, அரை நிமிஷத்துக்கு ஒன்றாகப் பத்து வரை கொடுக்கலாம்.

இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால் “வீசிங் இருமல்தான்” என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். சளி பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். டி.பி. கிடையாது என்று அவர்கள் சொல்லட்டும்.

சிரிப்பில் நோயை மறைப்பது வீசிங்காரர்கள் மட்டுமல்ல, சுகர்காரர்களும் கேளுங்கள். “நானே ஸ்வீட்டான ஆளு” என்ற ஜோக்கை அடிக்காத சுகர்காரர் வடசென்னையில் உண்டா? அடியுங்கள். ஆனால் காலில் குத்தினதே தெரியவில்லை என்பதை மட்டும் ஜோக்காக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத காலில் ஒரு சின்னப் புண் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறார்கள். வருகிற பெண்ணிடம் “எல்லாம் நார்மல்மா” என்று சிரித்து மழுப்பி அனுப்பாதீர்கள். போன மாத மாத்திரை மிச்சமிருந்தால் மிச்சமிருக்கிறது என்று சொல்லுங்கள்.

சில ஜோக்குகளை நான் ஜோக்காக எடுத்துக்கொள்வதே இல்லை. “எனக்கப்புறம் இந்த வண்டிய நீ வச்சுக்கோ.” “எமன் வந்தா டோக்கன் போட்டு உக்கார வை, சீக்கிரம் வரேன்.” “நான் போயிட்டா உங்களுக்குச் செலவு மிச்சம்.” தீராத நோயோடு வருஷக்கணக்காக இருப்பவர் வாயில் இது அடிக்கடி வந்தால், அதுவும் தூக்கமும் சாப்பாடும் குறைந்திருந்தால், தன் பொருளை எடுத்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தால், உஷார்! சேர்ந்து சிரித்துவிட்டு நகராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நேராகவே கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது மூடநம்பிக்கை. பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம்.

இனி வீசிங்காரர்கள் செய்யவேண்டியது. தினசரிப் பம்பை ‘நல்லா இருக்கிற’ நாளிலும் அடிக்க வேண்டும். நல்லா இருப்பதே அதனால்தான். “பம்பு பழகிடும், அடிமையாக்கிடும்” என்பது பொய். அடித்த பிறகு வாய் கொப்பளித்தால் போதும். ஒரே பம்பை இரண்டு வேலைக்கும் டாக்டர் எழுதியிருந்தால் அவர் சொன்ன கணக்குப்படி போங்கள். எண்ணிக்கை காட்டாத பம்பு என்றால், திறந்த தேதியைப் பேனாவால் மேலே எழுதிவையுங்கள், குலுக்கிப் பார்த்தெல்லாம் மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்று காலியாகும் முன்னால் அடுத்தது வீட்டில் இருக்க வேண்டும். அது பீரோவில் வேண்டாம், தலைமாட்டில் இருக்கட்டும். புகையோ வாடையோ திடீரென்று ஏறும் ராத்திரியில் சாவி தேட நேரம் இருக்காது.

வீட்டுக்கு வீடு இருக்கும் கலகலப்புக்காரர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஊரையே சிரிக்க வையுங்கள். ஆனால் டாக்டர் முன்னால் மட்டும் ஐந்து நிமிஷம் நடிக்காதீர்கள். “எப்படி இருக்கீங்க?” என்று அவர் கேட்டால், “சூப்பர் சார்” என்று சொல்லாமல், ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ராயபுரம், எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி தூரமில்லை. அங்கே நெஞ்சுநோய்ப் பிரிவு இருக்கிறது. சிரித்தால் இருமல் வருகிறது என்றால் இந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.