விதி யார் கையில்?

குழந்தைகளுக்குச் சாதி தெரியாது என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். சாதியின் பெயர் தெரியாமலிருக்கலாம். 'நம்ம ஆளு', 'அவங்க ஆளு' என்கிற பிரிவு மிகச் சிறிய வயதிலேயே பிடிபட்டுவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் மார்ஜோரி ரோட்ஸ், லிசா சாலிக் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பார்ப்போம். 3 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் இரண்டு கூட்டத்தாரைப் பற்றிச் சொன்னார்கள். இரண்டும் புனைந்த பெயர்கள். நிஜ உலகில் இல்லாத கூட்டங்கள். ஒருவர் தன் கூட்டத்தாருக்கே தீங்கு செய்தால்? தவறு. அதைத் தடுக்கும் விதியே இல்லையென்றால்? அப்போதும் தவறு. மற்றக் கூட்டத்தாருக்குச் செய்தால்? விதி இருந்தால் தவறு. இல்லையென்றால் அத்தனை தவறாகப் படவில்லை.

இதே நோயைப் பெரியவர்களிடம் அண்ணல் அம்பேத்கர் 1936லேயே கண்டு சொன்னார். ஒழுக்கமும் பரிவும் சாதி எல்லையிலேயே நின்றுவிடுகின்றன என்பது 'சாதி ஒழிப்பு' உரையின் முக்கியமான குற்றச்சாட்டு. (அந்த உரையை மேடையேற விடவில்லை, அவரே அச்சிட்டார்.)

அப்படியானால் எல்லைக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு விதி ஒன்றுதான் காவல். அந்த விதி யார் கையில் இருக்கிறது? அம்பேத்கர் சிறுவனாகப் படித்த பள்ளியிலும் விதி இருந்தது. உட்காரக் கோணியை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். அதே வகுப்பில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த மற்றப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தீங்கைத் தடுக்க வேண்டியவர்களே அதைப் பள்ளி ஒழுங்காக நடத்திக் காட்டினார்கள். அவர்கள் கற்றது அதைத்தான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை தந்தது. வரவேற்கிறோம். ஆனால் கயிற்றை அறுப்பது எளிது. புகார் சொல்ல வந்த பிள்ளையிடம் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போப்பா' என்று தலைமையாசிரியர் அறையில் சொல்லும்போது, ஜன்னலோரம் நின்று கேட்கிற மற்றப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியின் விதி எதுவென்று தெரிந்துபோகிறது.