அனைத்துத் தரை ஊர்தியின் மாற்றுச் சக்கரங்களும் டயர்களும்

அனைத்துத் தரை ஊர்தி என்பது மண், மணல், சேறு, பாறை போன்ற செப்பனிடப்படாத நிலப்பரப்புகளில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட சிறிய இயந்திர ஊர்தி ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது ஏ.டி.வி. எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இருபுறமும் கால் போட்டு அமரும் இருக்கை, மிதிவண்டியில் உள்ளது போன்ற கைப்பிடி, காற்றழுத்தம் குறைந்த நான்கு டயர்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். டயர்கள் தேய்ந்து போகும்போதும், வேறு வகை நிலத்தில் ஓட்ட வேண்டியிருக்கும்போதும் மாற்றுச் சக்கரங்கள் தெரிவு செய்யப்படுகின்றன. ஊர்தியின் நிலைத்தன்மை, இழுவை, பிரேக் ஆற்றல் ஆகிய மூன்றும் சக்கரத்தைச் சார்ந்திருப்பதால், இத்தெரிவு ஓட்டுபவரின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது.

பின்னணி

1970ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் அமெரிக்கச் சந்தையில் அறிமுகப்படுத்திய ஊர்தி மூன்று சக்கரங்களைக் கொண்டிருந்தது. அதில் அதிர்வு தாங்கும் சுருள்வில் அமைப்பு இல்லை. பலூன் போன்ற பெரிய டயர்களே அப்பணியைச் செய்தன. 1980களின் தொடக்கத்தில் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வகையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மூன்று சக்கர ஊர்திகள் எளிதில் கவிழ்ந்து விபத்துகள் பெருகியதால், 1988இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உற்பத்தியாளர்கள் அவற்றின் விற்பனையை அந்நாட்டில் நிறுத்தினர்.

குறைந்த காற்றழுத்தத்தின் பயன்

ஓட்டுபவருடன் சேர்த்து 880 பவுண்டு (ஏறத்தாழ 400 கிலோகிராம்) எடையுள்ள ஊர்தி ஒன்றில், டயர்களின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு எனக் கொள்வோம். எடையை அழுத்தத்தால் வகுத்தால் 176 சதுர அங்குலம் கிடைக்கும். அதாவது, ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 44 சதுர அங்குலப் பரப்பில் நிலத்தைத் தொடும். அழுத்தத்தை இரு மடங்காக்கினால் இப்பரப்பு ஏறக்குறையப் பாதியாகும். டயரின் பக்கச்சுவரும் எடையில் ஒரு பகுதியைத் தாங்குவதால் இக்கணக்கு தோராயமானதே.

அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் 25×8-12 என்பது போன்ற குறியீடு இருக்கும். இதில்,

- 25 என்பது டயரின் வெளி விட்டம்
- 8 என்பது டயரின் அகலம்
- 12 என்பது ரிம்மின் விட்டம்

இவை மூன்றும் அங்குலத்தில் தரப்படுகின்றன. கோட்டிற்குப் பதிலாக ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியல் டயர் ஆகும். பல பயன்பாட்டு ஊர்திகளில் முன்புறம் 25×8-12 அளவும், பின்புறம் 25×10-12 அளவும் பொருத்தப்படுகின்றன.

போல்ட் அமைப்பு

ரிம் அச்சில் பொருந்துவதை முடிவு செய்வது போல்ட் அமைப்பு. 4/110 என்றால், நான்கு போல்ட்டுகள் 110 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன என்று பொருள். எதிரெதிராக உள்ள இரு போல்ட்டுகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரமே இவ்வளவு. ஹோண்டா, யமஹா ஆகியவற்றின் பல பயன்பாட்டு ஊர்திகளில் 4/110, போலாரிஸின் பல ஊர்திகளில் 4/156, கேன்-ஆம் ஊர்திகளில் 4/137 ஆகிய அமைப்புகள் காணப்படுகின்றன. சில விளையாட்டு வகைகளில் முன், பின் அமைப்புகள் வேறுபடும். 110க்கும் 115க்கும் உள்ள 5 மி.மீ. வேறுபாடு கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதால் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

ஆஃப்செட்

7 அங்குல அகலமுள்ள ரிம் 5+2, 4+3 எனப் பல ஆஃப்செட் அளவுகளில் கிடைக்கிறது. முதல் எண், ரிம் பொருத்தப்படும் தளத்திலிருந்து உட்பக்க அகலத்தையும், இரண்டாம் எண் வெளிப்பக்க அகலத்தையும் குறிக்கும். 5+2 ரிம்முக்குப் பதிலாக 4+3 ரிம்மைப் பொருத்தினால், ஒவ்வொரு சக்கரமும் 1 அங்குலம் வெளியே நகரும். ஊர்தியின் மொத்த அகலம் 2 அங்குலம் கூடும். இதனால் பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பு குறைகிறது. அதே வேளையில் நெம்புகோல் விளைவால் பேரிங்குகள் மீதான சுமையும், கற்களில் மோதும்போது கைப்பிடியில் உணரப்படும் உதைப்பும் அதிகரிக்கின்றன.

பெரிய டயரின் விளைவுகள்

25 அங்குல டயருக்குப் பதிலாக 27 அங்குல டயரைப் பொருத்தினால், அச்சு 1 அங்குலம் உயர்கிறது. மரக்கட்டைகளையும் கற்களையும் கடக்க இது உதவும். ஆனால் புவியீர்ப்பு மையமும் உயர்வதால் சரிவுகளில் நிலைத்தன்மை குறைகிறது. சுற்றளவு 8 விழுக்காடு கூடுவதால், நிலத்தில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைகிறது. பிரேக்கின் நிறுத்தும் விசையும் அதே அளவில் குறைகிறது. வேகமானி 50 எனக் காட்டும்போது உண்மை வேகம் 54 ஆக இருக்கும். பெல்ட் மூலம் இயங்கும் ஊர்திகளில் பெல்ட் நழுவிச் சூடாகவும் கூடும்.

நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஊர்திகளில் முன், பின் டயர்களின் சுற்றளவு விகிதம் மாறக் கூடாது. மாறினால் பற்சக்கரங்களும் அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்துத் தேயும். ஒரே அளவு எனக் குறிக்கப்பட்ட டயர்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று வேறுபடுவதுண்டு. டயரில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, கடந்த தூரத்தை அளப்பது நம்பகமான முறையாகும்.

நிலத்துக்கேற்ற டயர்கள்

- சேறு: ஆழமான, இடைவெளி மிக்க கட்டைகள் கொண்டவை, சுழலும்போது சேற்றைத் தாமே உதறிவிடும்.
- மணல்: கலிபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகள் போன்ற இடங்களில், துடுப்பு வடிவ டயர்கள் பின்புறம் பொருத்தப்படுகின்றன.
- பாறை: தடித்த பக்கச்சுவர் கொண்டவை, கிழியாமல் தாங்கும்.
- இறுகிய தரை: உயரம் குறைந்த, நெருக்கமான கட்டைகள் கொண்டவை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

டயரின் விளிம்பை ரிம்மில் அமர்த்தக் கூடிய உச்ச அழுத்தம் பக்கச்சுவரில் குறிக்கப்பட்டிருக்கும். அதை மீறினால் டயர் வெடித்து உயிராபத்து நேரலாம். ஓட்டும்போது இருக்க வேண்டிய அழுத்தம் வேறு. அது ஊர்தியில் ஒட்டப்பட்ட குறிப்பிலும் கையேட்டிலும் தரப்பட்டிருக்கும். ஒரே அச்சில் உள்ள இரு டயர்களின் அழுத்தமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையெனில் ஊர்தி ஒரு பக்கம் இழுக்கும். புதிய ரிம்முக்கு ஏற்ற நட்டுகளைப் பயன்படுத்துவதும், முதல் ஓட்டத்துக்குப் பின் அவற்றின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்ப்பதும் அவசியம்.