கால் வீங்கும் முன்பே தொடங்கும் அழற்சி

கர்ப்பிணியின் கால் வீங்கினால் ‘நீர் கோத்திருக்கிறது’ என்பார்கள். சிறுநீரில் புரதம் தெரிந்தால் ‘உப்பு இருக்கிறது’ என்பார்கள். புழல் பகுதியில் மகப்பேறு மருத்துவம் பார்த்துவரும் நான் இவற்றைக் கேட்காத நாளில்லை. கால்வீக்கம் பெரும்பாலும் கர்ப்பத்தின் இயல்புதான். ஆனால், 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அது ‘ப்ரீ எக்ளாம்ப்சியா’ என்னும் முன்சூல்வலிப்பு. (வெளியேறுவது உப்பு அல்ல, சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டு நிம்மதியடைய இதில் எதுவுமில்லை.) கவனியாமல் விட்டால் வலிப்பு வரலாம், தாயும் சேயும் உயிரிழக்கலாம்.

நோய் தெரிவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். அதன் வேரோ முதல் நான்கைந்து மாதங்களில் இருக்கிறது. நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து அவற்றை அகலப்படுத்த வேண்டும். அது அரைகுறையாக நின்றுவிட்டால் ரத்த ஓட்டம் சீர்கெட்டு, நஞ்சுக்கொடி தவிக்கிறது. அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் செல் துணுக்குகளையும் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. வெள்ளணுக்கள் கிளர்ந்தெழ, ரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்படுகிறது. குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரக வடிகட்டிகள் பழுதாவதால் புரதம் கசிகிறது. இயல்பான கர்ப்பமே ஒரு மிதமான அழற்சி நிலைதான், அது எல்லை மீறுவதே இந்நோய் என்று 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ் ரெட்மன் குழுவினர் விளக்கினர். உடற்பருமனும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். அவர்களுடைய உடலில் அழற்சி முன்பே கனன்றுகொண்டிருக்கிறது.

மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையை நாளும் சுவாசிப்பவர்கள் நாங்கள். காற்றிலுள்ள நுண்துகள்களுக்கும் கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பிருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தத் தொடர்பு காரணமாகவே இருக்கும் என்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

அழற்சிதானே என்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிடக் கூடாது. இபுப்ரோஃபென் போன்றவை பிற்பாதிக் கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். பயன் தருவது மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின். ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி, இரவுதோறும் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க நேரும் அளவுக்கு முற்றும் நோய் 62 விழுக்காடு குறைந்ததை 2017-இல் வெளிவந்த ‘ஆஸ்ப்ரே’ ஆய்வு காட்டியது. மிக மலிவான மாத்திரை. ஆனால் தாமதமானால் பயன் மங்கிவிடும்.

இங்குதான் சிக்கல். செங்குன்றம் அரிசி ஆலைகளிலும் மாதவரம் கிடங்குகளிலும் கூலி வேலை பார்க்கும் பெண்கள், ஒரு நாள் சம்பளத்தை இழந்து மூன்றாம் மாதத்திலேயே வருவது எளிதல்ல. ஐந்தாம் மாதத்தில் வருபவரிடம், முந்தைய பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு இருந்ததா என்று நான் கேட்கும்போது, மாத்திரையைத் தொடங்கவேண்டிய வாரங்கள் கடந்துபோயிருக்கின்றன. நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர் மாதம் ஒருமுறை ஆலை வாசலுக்கே சென்று, நாள் தள்ளிப்போனவர்களிடம் அதே கேள்வியைக் கேட்கலாம். அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று கையிலிருந்தால் போதும்.