கார்மெல் ஊராரின் இரு கட்சிகள்

கலிபோர்னியா மாகாணத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 120 மைல் தூரத்தில், பைன் மரக் காட்டுக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் நடுவே, ஒரு சதுர மைல் பரப்புக்குள் அடங்கிவிடும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. கார்மெல்-பை-தி-ஸீ என்பது அதன் பெயர். 2020-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே குடியிருப்பவர்கள் 3,220 பேர். அவர்களில் பெரும்பாலோர் வயதிலும் செல்வத்திலும் முதிர்ந்தவர்கள். இவ்வளவு சிறிய ஊரில், இவ்வளவு வசதி படைத்தவர்களுக்குள்ளே, தெருவிளக்கு வேண்டுமா, நடைபாதை வேண்டுமா, வீட்டுக்கு இலக்கம் வேண்டுமா என்பன போன்ற விஷயங்களைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாத விவாதம் நடந்துவருகிறது என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், ஓர் ஊரை அதன் பழைய ரூபத்திலேயே காப்பாற்ற முயல்பவர்கள் எதைக் காப்பாற்றுகிறார்கள், எதை இழக்கிறார்கள் என்பதை அறிய விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த ஊர் செல்வர்களுக்காக ஏற்பட்டதன்று. 1902-ஆம் வருஷத்தில் ஜேம்ஸ் பிராங்க்ளின் டெவண்டார்ப், பிராங்க் பவர்ஸ் என்ற இருவர் கூட்டாகச் சேர்ந்து நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கத் தொடங்கியபோது, அதற்கு அடுத்த வருஷம் டெவண்டார்ப் வெளியிட்ட விளம்பரம் கலிபோர்னியாவின் பள்ளிக்கூட ஆசிரியர்களையும், அறைக்குள் அடைபட்டு மூளையால் உழைக்கும் ஏனையோரையும் நோக்கியே எழுதப்பட்டது. பணமில்லாதவர்களுக்குத் தவணையில் மனை கிடைத்தது. 1906-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோ அழிந்த பிறகு, அங்கிருந்த சித்திரக்காரர்களும் எழுத்தாளர்களும் இந்தக் கடற்கரையைத் தேடி வந்தார்கள். கவிஞர் ஜார்ஜ் ஸ்டெர்லிங், நாவலாசிரியை மேரி ஆஸ்டின் முதலியோர் அங்கே வசித்தனர். 1910-இல் காட்டு மரங்களுக்கு நடுவே திறந்தவெளி நாடக அரங்கம் ஒன்று எழுந்தது. 1914-இல் வந்து சேர்ந்த கவிஞர் ராபின்ஸன் ஜெபர்ஸ், கடற்கரைப் பாறைகளை உருட்டிவந்து தம் வீட்டின் அருகே ஒரு கோபுரத்தைத் தம் கைகளாலேயே கட்டினார். வறுமையும் வனப்பும் சேர்ந்து குடியிருந்த ஊர் அது என்று சொல்லலாம்.

1916-இல் நகராட்சி ஏற்பட்டது. ஏற்பட்ட நாளிலிருந்தே ஊரார் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். வியாபாரம் பெருக வேண்டும், சாலைகள் செப்பனிடப்பட வேண்டும், விருந்தினர் வர வேண்டும் என்று ஒரு கட்சி சொல்லிற்று. மற்றெல்லா ஊர்களும் விரும்புவது எதுவோ அதுவே நமக்கு வேண்டாதது என்று மறு கட்சி சொல்லிற்று. இந்த இரண்டாம் கட்சியின் சார்பாக 1920-களில் தேர்தலில் நின்ற பெர்ரி நியூபெரி என்னும் பத்திரிகையாசிரியர், ஊரை அபிவிருத்தி செய்ய மாட்டேன் என்பதையே தம் வாக்குறுதியாக வைத்து ஓட்டுக் கேட்டு வெற்றியும் பெற்றார். 1929-இல் நிறைவேறிய சட்டமொன்று, கார்மெல் முதன்மையாக ஒரு வாசஸ்தலமே என்றும், வியாபாரம் என்றைக்கும் அந்த வாசத்தன்மைக்கு அடங்கியே நடக்க வேண்டும் என்றும் விதித்தது. இன்றளவும் ஊரின் எல்லா வழக்குகளுக்கும் இந்தச் சட்டமே மூலவிதி.

விதியின் பலனை அங்கே கண்கூடாகக் காணலாம். வீதியின் நடுவே ஒரு முதிர்ந்த மரம் நின்றால், மரத்தை வெட்டுவதில்லை. வீதிதான் ஒதுங்கிச் செல்லும். குடியிருப்புத் தெருக்களில் விளக்குக் கம்பமும் இல்லை, நடைபாதையும் இல்லை. இருட்டிய பிறகு வெளியே போகிறவர்கள் கையில் டார்ச் விளக்கோடு போகிறார்கள். சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டுவதற்கும் நகராட்சியின் அனுமதி வேண்டும். மரத்தின் வேர்கள் கடைத்தெருவின் தளவரிசையைப் பெயர்த்துவிடுவதால், குதிகால் உயர்ந்த பாதரட்சை அணிந்த பெண்கள் தடுக்கி விழுந்து நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடரக்கூடும் என்று அஞ்சிய நகராட்சி வக்கீல், 1963-இல் ஒரு விதியை எழுதிக்கொடுத்தார்: இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமும், ஒரு சதுர அங்குலத்துக்குக் குறைந்த அடிப்பரப்பும் உள்ள குதிகாலோடு நடக்க விரும்புகிறவர்கள் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். சீட்டு இலவசம். இந்த விதிக்காக யாரையும் போலீஸார் பிடிப்பதில்லை. யாத்திரிகர்கள்தாம் வேடிக்கைக்காக நகராட்சி மண்டபத்துக்குப் போய், தம் பெயர் எழுதிய சீட்டை ஞாபகார்த்தமாக வாங்கிச் செல்கிறார்கள். இதிலுள்ள விவேகத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: வேரும் காலும் மோதிக்கொண்டபோது, வேரை வெட்டலாம் என்ற யோசனை அந்த ஊருக்குத் தோன்றவில்லை.

கட்டுப்பாடுகள் அளவு கடந்துவிட்டன என்ற மனத்தாங்கல் ஊருக்குள்ளேயே வளர்ந்தது. தாம் கட்ட நினைத்த கடைக் கட்டடத்துக்கு நகராட்சி தடை சொன்னதால் சினமுற்ற சினிமா நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட், 1986 ஏப்ரலில் மேயர் பதவிக்கு நின்று, அப்போது பதவியிலிருந்த அம்மையாரை 799-க்கு எதிராக 2,166 ஓட்டுகளால் தோற்கடித்தார். வெளியே எடுத்துச் சென்று தின்னும் ஐஸ்கிரீம் கூம்பை விற்பதற்கு இருந்த தடைகூட அந்தத் தேர்தலில் பெரிய பிரச்னையாகப் பேசப்பட்டு, பிறகு நீக்கப்பட்டது. இரண்டே வருஷம் பதவியிலிருந்த அந்த நடிகர், மறுபடியும் போட்டியிடவில்லை. ஆயினும் ஒரு விஷயம் குறிப்பிடத்தக்கது: வியாபாரத்தின் கட்சிக்காரர் என்று பலரும் எண்ணிய அவரே, ஊரின் விளிம்பிலிருந்த பழைய பண்ணை விடுதி ஒன்றை இடித்து அடுக்கு வீடுகள் கட்ட முயற்சி நடந்தபோது, தம் சொந்தப் பணத்தைப் போட்டு அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். இரு கட்சியாரும் உள்ளூர விரும்புவது ஒன்றையே என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

இப்போதைய சச்சரவுகளில் முதலாவது வீட்டிலக்கத்தைப் பற்றியது. கார்மெலில் வீடுகளுக்கு நெடுங்காலமாக இலக்கம் இருந்ததில்லை. நம் கிராமங்களில் பிள்ளையார் கோயிலுக்கு வடக்கே மூன்றாம் வீடு என்று வழி சொல்வதைப்போல, அங்கேயும் டொலொரஸ் வீதியில், ஏழாம் அவென்யூவுக்குத் தென்கிழக்கே நான்காம் வீடு என்றுதான் விலாசம் எழுதிவந்திருக்கிறார்கள். பல வீடுகளுக்குப் பெயரும் உண்டு. தபால்காரர் வீடு தேடி வருவதில்லை. ஐந்தாம் அவென்யூவிலுள்ள தபாலாபீஸுக்கு அவரவரே போய்ப் பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சாக்கில் அயலாரைக் கண்டு க்ஷேமலாபம் விசாரிப்பார்கள். மாகாண அரசாங்கம் இலக்கத்தைக் கட்டாயமாக்கினால் மாகாணத்தை விட்டே பிரிந்துவிடுவோம் என்று 1953-இல் ஊரார் மிரட்டிய கதையை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால் காலம் மாறிவிட்டது. தபால் வழியே மருந்து வரவழைக்கும் முதியவர்கள், மருந்து வேறு வீட்டுக்குப் போய்விட்டதென்று முறையிடுகிறார்கள். பாங்கியில் கணக்குத் திறக்கவும் இன்ஷூரன்ஸ் பெறவும் கம்ப்யூட்டர் இலக்கம் கேட்கிறது. வெளியூரிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் இருட்டில் நான்காம் வீட்டை எண்ணிக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடாதா என்று கேட்கிறார்கள். மறுதரப்பாரோ, உள்ளூர்ப் போலீஸுக்கும் தீயணைப்புப் படைக்கும் ஒவ்வொரு வீடும் தெரியுமென்றும், இலக்கம் வந்தால் வீட்டுக்கு வீடு தபால் வரும், தபால் வந்தால் தபாலாபீஸில் நிகழும் சந்திப்பு போய்விடும், அதுவும் போனால் இந்த ஊருக்கும் மற்ற ஊர்களுக்கும் வித்தியாசம் என்ன இருக்கிறதென்றும் வாதிக்கிறார்கள். 2024 ஜூலையில் நகராட்சி சபை மூன்றுக்கு இரண்டு என்ற ஓட்டு வித்தியாசத்தில் இலக்கமிடும் திட்டத்தை முன்னே கொண்டுசெல்லத் தீர்மானித்தது. ஊரின் மனநிலை அந்த ஓட்டுக் கணக்கிலேயே தெரிகிறது.

இரண்டாவது சச்சரவு இதைவிடக் கனமானது. கலிபோர்னியாவில் வீட்டுப் பஞ்சம் மிகுந்திருப்பதால், ஒவ்வோர் ஊரும் எட்டு வருஷத்துக்கு ஒருமுறை இத்தனை புதிய வீடுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று மாகாண அரசாங்கம் கணக்குக் கொடுத்துவிடுகிறது. 2023 முதல் 2031 வரையிலான காலத்துக்குக் கார்மெலின் பங்கு 349 வீடுகள். அவற்றில் பாதிக்கு மேல் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கானவை. முழுதும் கட்டி நிரம்பிவிட்ட ஊரில் இதற்கு இடம் எங்கே? நகராட்சிக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடங்களில் கட்டலாம் என்ற யோசனை எழுந்தபோது குடியிருப்போரிடையே பலத்த ஆட்சேபணை கிளம்பிற்று. அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மான்டரே தீபகற்பம் முழுவதும் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் வருந்துகிறது. கார்மெல் நதியிலிருந்து உரிமைக்கு மீறி நீர் எடுக்கப்படுவதை நிறுத்தும்படி மாகாண நீர் வாரியம் 1995-இலும், இன்னும் கடுமையாக 2009-இலும் உத்தரவிட்டதனால், புதிய வீட்டுக்கு நீர் இணைப்புப் பெறுவதே அங்கே பெரும்பாடாகிவிட்டது. தண்ணீர் தராத அரசாங்கமே வீடு கட்டச் சொல்வது என்ன நியாயம் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எளிதன்று.

ஆனால் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்வது ஊராருக்கும் எளிதன்று. நாற்பது அடி அகலமும் நூறு அடி நீளமுமான சிறு மனையில் நிற்கும் சிறு வீடுகூட அங்கே பல லட்சம் டாலர் விலை பெறுகிறது. வீடுகளில் கணிசமான பகுதி, வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் வந்து தங்கும் செல்வர்களின் இரண்டாம் வீடுகள். விடுதிகளில் படுக்கை விரிப்பவர்களும் உணவுச்சாலைகளில் சமைப்பவர்களும் ஸீஸைட், மரீனா, ஸலினாஸ் முதலிய ஊர்களிலிருந்து காலையில் வந்து இரவில் திரும்புகிறார்கள். எந்த ஆசிரியர்களை அழைப்பதற்காக டெவண்டார்ப் விளம்பரம் அச்சிட்டாரோ, அந்த ஆசிரியர்கள் இன்று சம்பளத்தைக் கொண்டு அங்கே ஒரு மனையும் வாங்க முடியாது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஸன்செட் சென்டர் என்னும் கச்சேரி மண்டபமாகிவிட்டது. மரத்தையும் இருட்டையும் மௌனத்தையும் காப்பாற்றிய சட்டங்களே ஊரின் மதிப்பை ஏற்றிவிட்டன. ஏறிய மதிப்பே அந்தச் சட்டங்கள் யாருக்காக ஏற்பட்டனவோ அவர்களை வெளியேற்றிவிட்டது. இதில் யாருடைய துர்எண்ணமும் இல்லை. பாதுகாப்பின் இயல்பான விளைவு இது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் நூல்முனை, ஊரார் தாமே வென்ற ஒரு வழக்கில் இருக்கிறது. முப்பது நாளுக்குக் குறைந்த காலத்துக்கு வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்று கார்மெல் விதித்த தடையை எதிர்த்து வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கில், கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் நகராட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இன்று வந்து நாளை போகிறவர்கள் உள்ளூர் ஆட்சியில் பங்கு கொள்வதில்லை, சாரணர் படையை நடத்துவதில்லை, நூல்நிலையத்தில் தொண்டு செய்வதில்லை, அயல்வீட்டு முதியவரைக் கவனித்துக்கொள்வதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாராம்சம். ஊர் என்பது வீடுகளின் தொகுதியன்று, நிரந்தரமாகக் குடியிருந்து ஒருவருக்கொருவர் உதவும் மனிதர்களின் தொகுதி என்ற இந்தத் தர்மத்தைக் கார்மெல் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டு, இன்றுவரை கொண்டாடிவருகிறது.

அந்தத் தர்மம் யாத்திரிகர்களோடு நின்றுவிடுவதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் மாளிகையின் சொந்தக்காரரும் சாரணர் படையை நடத்துவதில்லை. அயல்வீட்டு முதியவரை விசாரிப்பதில்லை. ஸலினாஸிலிருந்து பஸ் ஏறி வரும் தாதியோ, அந்த ஊரிலேயே ஒரு சிறு வீடு கிடைத்தால், இவற்றையெல்லாம் செய்யக்கூடியவள். வீட்டிலக்கத்தை மறுப்பதில் குறை நிறை இரண்டும் உண்டு. அது ஊராரே அனுபவிக்கும் அசௌகரியமாகையால் அதை ஊராரே தீர்மானித்துக்கொள்ளலாம். குடியிருப்பை மறுப்பதன் சிரமமோ, தீர்மானத்தில் ஓட்டில்லாத வெளியூரார் தலையில் அல்லவா விழுகிறது? தண்ணீருக்கு ஒரு வழி பிறந்தவுடன், முப்பது வருஷத்துக்கு முன்பு நீதிமன்றத்தில் தாங்கள் எடுத்துச் சொன்ன அதே நியாயத்தைத் தங்களுக்கு எதிராகவும் கார்மெல்வாசிகள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.